வரிசை தந்த வரங்கள்

2022இல் கடனைக் கட்ட வழியில்லை என்று இலங்கை கையை விரித்தபோது, எனக்குக் கிடைத்த லாபங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மதிலுக்கு அப்பால் வருடக்கணக்காக வெறும் இருமல் சத்தமாக இருந்த மனிதரோடு பெற்றோல் செட் வரிசையில் ஓர் இரவு நின்றேன். அவருடைய சீனி வருத்தம் முதல் மருமகனின் சம்பளம் வரை விடிவதற்குள் எனக்கு அத்துபடி.

பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். தூசு தட்டிய சைக்கிளில் தொந்தி கரைந்தது. டாக்டர் சொல்லிக் கேட்காத உடம்பு, எரிசக்தி அமைச்சு சொன்னதும் கேட்டது. 13 மணி நேர மின்வெட்டில் சீரியல் மாமியார்களும் வாயடைத்துப் போனார்கள்.

அரசாங்கமோ ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் மரக்கறி நடச் சொன்னது. (முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் இதே அரசாங்கம்தான்.) எனக்குத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி, நாலு மிளகாய்க் கன்றும் நல்ல மத்தியான நித்திரையும் விளைவித்தார்.

செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றபோதும், விலை ஏறாத சரக்கு ஒன்றே ஒன்றுதான்: மேலிடத்து ஆலோசனை.