பூஞ்சை இல்லை, ஆனாலும் பாசிட்டிவ்!

கே: பூஞ்சைத் தொற்றே இல்லையாம், ரத்தப் பரிசோதனை மட்டும் 'பாசிட்டிவ்'. லேப்காரர் தூங்கிவிட்டாரா?

ப: பாவம், அவரைத் திட்டாதீர்கள். அவர் அளந்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காலக்டோமன்னன் டெஸ்ட் பூஞ்சையைத் தேடுவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் சுவரிலிருந்து உதிரும் ஒருவகைச் சர்க்கரையைத்தான் தேடுகிறது. அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கருவி கேட்காது.

கே: வேறு எந்த வாசல் இருக்கிறது?

ப: நாமே ஏற்றும் டிரிப்ஸ்! சில திரவங்களில் சோடியம் குளுக்கோனேட் உண்டு. அதைத் தயாரிக்க ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையைத்தான் வேலைக்கு வைக்கிறார்கள். பிபராசிலின்-டாசோபாக்டம் ஊசியும் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போனது. பெனிசிலியம் வம்சத்து மருந்து. பிறந்த வீட்டு வாசனை விடவில்லை. பிறகு தயாரிப்பு மேம்பட்டு, தொல்லை வெகுவாகக் குறைந்தது. எனக்குப் பிடித்த குற்றவாளி குச்சி ஐஸ். புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய் புண்ணான ஒருவர் அதைச் சாப்பிட்டிருக்கிறார், அதிலும் குளுக்கோனேட். 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினிலேயே இடம்பிடித்துவிட்டது அந்த ஐஸ்.

கே: பூஞ்சைத் தொற்றுக்கான இன்னொரு சோதனையான பீட்டா-டி-குளூக்கன் டெஸ்ட்டையாவது நம்பலாமா?

ப: அது இன்னும் வெள்ளந்தி. பரவலாகப் புழங்கும் கிட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 80 பிகோகிராம் இருந்தாலே பாசிட்டிவ். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! அறுவையில் வைத்த காஸ் துணி, செல்லுலோஸ் வடிகட்டி போட்ட டயாலிசிஸ், ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் என்று எது வேண்டுமானாலும் அந்த அளவை எட்டவைக்கும். டெஸ்ட்டுக்கான மூலப்பொருள் குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து வருகிறது. நண்டுக்குக் காஸ் துணி தெரியுமா, என்ன?

கே: சளியில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்திருக்கிறதாம். நுரையீரல் போச்சா?

ப: இல்லை. வாயில் குடியிருப்பது சளியோடு வந்திருக்கும். ஆனால் ரத்தக் கல்ச்சரில் வளர்ந்தால், 'எங்கோ கலந்துவிட்டது' என்று ஒதுக்கவே கூடாது.

கே: பாசிட்டிவ் வந்ததும் மருந்தைத் தொடங்கலாமா?

ப: அதை டாக்டர் சொல்லட்டும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர் என்றால் அவர் காத்திருக்க மாட்டார், அதுவும் நியாயமே. மற்றவர்களுக்கு இரண்டாவது ரத்த மாதிரியும் சி.டி. ஸ்கேனும் பார்ப்பார்கள். உங்கள் வேலை ஒன்றுதான்: முந்தைய சில நாட்களில் ஏற்றிய டிரிப்ஸ், போட்ட ஊசி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். குச்சி ஐஸையும்.

கே: நெகட்டிவ் என்றால் கொண்டாடலாமா?

ப: 2021-ல் நம்மை உலுக்கிய கருப்புப் பூஞ்சை இந்த இரண்டு டெஸ்ட்டிலும் பொதுவாகச் சிக்காது. சந்தேகம் இருந்தால், திசுப் பரிசோதனை முடியும்வரை லட்டு வாங்காதீர்கள்.