ஐம்பது சிசி அப்பா

புனேயில் அப்பாக்கள் பல வகை. கிரிக்கெட் அப்பா மகனின் கிட் பேக்கைத் தான் சுமந்துகொண்டு, மகனை வெறுங்கையோடு முன்னால் நடக்கவிடுவார். செஸ் அப்பா வாயைத் திறக்க மாட்டார். ஐஐடி அப்பா வாயை மூட மாட்டார். இவர்களையெல்லாம் பார்த்துச் சலித்துப்போன எங்கள் வாகட் சொசைட்டிக்குப் புது வரவு ஒருவர்: டர்ட் பைக் அப்பா.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு கேட் அருகே டாடா ஏஸ் ஒன்று வந்து நிற்கும். நம் ஊரில் குட்டி யானை, இங்கே சோட்டா ஹாத்தி, அர்த்தம் ஒன்றுதான். அதன் முதுகில் என் தொடை உயரத்துக்கு ஒரு பைக்கை நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். உற்சவ மூர்த்தியைக்கூடத் தேரில் அத்தனை இறுக்கிக் கட்டி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் மார்புக் கவசம், முழங்கால் கவசம், கழுத்துப் பட்டை, பூட்ஸ் சகிதம் ஏழு வயதுப் பையன் ஒருவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பான். அப்பா மட்டும் முகூர்த்தத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி பளிச்சென்று இருப்பார்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏன் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று முதல் வாரம் கேட்டேன்.

"ரோட்டுல விடக் கூடாதுங்க. லைட் இல்ல, நம்பர் பிளேட் இல்ல, ஆர்.சி. இல்ல. மண்ணுல மட்டுந்தான்."

"அப்ப உங்களுக்கு ரெண்டு வண்டிச் செலவா?"

"இல்லீங்க, மூணு. பின்னாடி கார்ல தண்ணி, டூல்ஸ், வீட்ல அவங்க எல்லாம் வரணுமில்ல?"

இரண்டாவது அடையாளம் பேச்சு. பையன் ரேஸ் விடுவான் என்று சொல்ல மாட்டார். "நாங்க ரேஸ் விடறோம்" என்பார். பல் விழுந்ததும் 'நாங்க'தான், கணக்கில் குறைந்த மார்க் மட்டும் 'அவன்'. ஒரு நாள் லிஃப்டில், "இப்ப 50, அடுத்த வருஷம் 65, அப்புறம் நேரா 85" என்றார். ஊரிலிருக்கும் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்கிறாராக்கும் என்று, "உடம்பு எப்படி இருக்கு?" என்று நான் விசாரித்துவிட்டேன். அது சிசி கணக்காம். பிள்ளைகளுக்கான மோட்டோகிராஸ் வண்டிகள் இந்த மூன்று படிகளில்தான் ஏறும்.

நோய் தொற்றிய தேதி தெரியும்: 2024 ஜனவரி 28. இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீகின் முதல் சீசனே நம் பாலேவாடி ஸ்டேடியத்தில்தான் தொடங்கியது. லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, மேடும் பள்ளமுமாகக் குழைத்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டு ரைடர்கள் 450 சிசி வண்டிகளில் மாடி உயரம் பறந்தார்கள். அப்போது பையனுக்கு ஐந்து வயது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பார்த்தவன், வீடு திரும்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்பா, நாளைக்கு அந்த மண்ணையெல்லாம் எங்க கொண்டுபோவாங்க?" இதை ஆர்வம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். எதில் ஆர்வம் என்றுதான் கவனிக்கவில்லை.

கோயமுத்தூர்க்காரர். "எங்கூர்ல ரேஸ் ரத்தத்துலயே இருக்குதுங்க" என்று தொடங்கினால் கரிவர்தன், நாராயண் கார்த்திகேயன், செட்டிபாளையம் டிராக் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்பார். அவர் ரத்தத்தில் இருந்தது வேறு. காலேஜ் நாளில் செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்எக்ஸ்100 கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா திண்ணையோரம் நின்ற டிவிஎஸ் 50ஐக் காட்டி, "அதுக்கு என்ன கேடு?" என்று கேட்டிருக்கிறார். இருபது வருஷம் கழித்தும் அந்தக் கேள்விக்கு இவரிடம் பதில் தயாராகவில்லை. அதனால் எக்ஸெல் ஷீட் தயாரித்தார்.

ஹிஞ்சவாடியில் பிராஜெக்ட் மேனேஜர். எக்ஸெல் போடாமல் தக்காளிகூட வாங்காதவர். முதல் வரிசையில் யமஹா பிடபிள்யூ50. 1981 முதல் உலகத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த கிழ வண்டி. கியர் இல்லை, செயினும் இல்லை, ஷாஃப்ட்தான். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அப்பா ஒரு ஸ்க்ரூவில் பூட்டிவைக்கலாம். இதற்குப் பக்கத்தில் 'ரேஸுக்கு ஆகாது' என்று சிவப்பு அடித்திருந்தார். அடுத்து கேடிஎம் 50 எஸ்எக்ஸ். டியூக் வண்டிகள் இதோ இங்கே சாக்கணில், பஜாஜ் தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன. ஆனால் இந்தக் கைக்குழந்தை மட்டும் கப்பலில் வர வேண்டும். 2024 நவம்பரில் இந்தியாவில் இறங்கியபோது ஷோரூம் விலை 4.75 லட்சம். அதற்கும் கீழே கவாசாகி கேஎக்ஸ்65: ஆறு கியர், கையால் பிடிக்கும் கிளட்ச், 3.12 லட்சம்.

இந்த இடத்தில்தான் கோயமுத்தூர் மூளை வேலை செய்தது. "பாருங்க, சிசி கூட, ரேட்டு கம்மி. அதுவுமில்லாம வளர்ற பையன். இப்பவே 65 வாங்கிப்போட்டா ரெண்டு வருஷம் தாங்கும்."

நாம் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம். ஜூன் மாதம் தைத்த சட்டையின் தோள் முழங்கை வரை தொங்கும். ஷூவின் முனையில் பேப்பர் திணித்திருக்கும். மூன்றாவது வருஷம் கிழியும்போதுதான் சரியான அளவுக்கு வந்திருக்கும். அந்த தர்மத்தை மோட்டார் சைக்கிளுக்கும் நீட்டுவதில் என்ன தப்பு?

தப்பு என்னவென்று காட்டியவர், முல்ஷி போகும் வழியில் ஒரு மண் மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மராட்டியக் கோச். அவரிடம் என்னையும் அப்பா கூட்டிக்கொண்டு போயிருந்தார். கோச் எக்ஸெலைப் பார்க்கவில்லை. பையனின் ஷூவைக் கழற்றச் சொல்லி, அங்கே நின்ற ஒரு 65இல் தூக்கி உட்காரவைத்தார். இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டைவிரல் நுனி மண்ணைத் தொட்டது. மறு கால் சீட்டின்மேல் ஏறிவிட்டது. அடுத்து ஒரு 50. இரண்டு முன்பாதங்களும் ஒரே சமயத்தில் மண்ணில் பதிந்தன. பையன் முதல்முறையாகச் சிரித்தான். கால்விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் எட்டிரும் சார்" என்றார் அப்பா.

"உத்யாச்சம் நாஹி, ஆஜ்ச்சம் பகா" என்றார் கோச். நாளைக்கு உள்ளதை விடுங்கள், இன்றைக்கு உள்ளதைப் பாருங்கள். பிறகு என் பக்கம் திரும்பி, நான்தான் தாத்தா என்று நினைத்தோ என்னவோ, பொறுமையாக விளக்கினார். வயதைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது. உயரமும் எடையும்தான் கணக்கு. கால் எட்டாத பிள்ளைக்கு விழுந்துவிடுவோமோ என்ற நினைப்பிலேயே நாள் போய்விடும், ஓட்டக் கற்றுக்கொள்ளாது. பெரிய வண்டி சடாரென்று பாய்ந்தால் பிள்ளையின் உடம்பு பின்னால் போகும். உடம்போடு கையும் போகும். கை போனால் ஆக்ஸிலரேட்டர் இன்னும் திரும்பும். பயந்தவன் பிரேக் பிடிப்பான் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள், பிடிப்பது ஆக்ஸிலரேட்டரை. கடைசியாகக் கேட்டார்: "சைக்கிள் நன்றாக ஓட்டுவானா?"

அப்பா எக்ஸெலைப் பார்த்தார். அப்படி ஒரு கட்டமே அதில் இல்லை.

வீட்டம்மாவின் தரப்பையும் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் எதிர்க்கவில்லை, கணக்குத்தான் கேட்டார். "ஏனுங்க, மாமா ஓட்டுனதும் 50 சிசிதானுங்களே? அதுல ரெண்டு தேங்கா மூட்டையும் அத்தையும் வந்தாங்க. இதுல பையன் மட்டுந்தான் போவானா?" பிறகு, "மைலேஜ் எவ்வளவு?" இந்த வண்டிகளுக்கு மைலேஜ் என்று ஒன்றே கிடையாது. சர்வீஸுக்குக் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் பார்ப்பார்கள். டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும், ஒவ்வொரு முறை மண்ணில் இறங்கி வந்ததும் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். "பையனுக்கு வாரம் ஒருக்கா எண்ணெ தேய்க்க நேரமில்ல" என்றார் அந்த அம்மாள்.

சட்டென்று குரல் மாறி, 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸ் விட்ட 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்துபோனதைச் சொன்னார். "வண்டி எதுவோ வாங்கிக்குங்க. ஹெல்மெட்டும் மத்ததும் நான் பாத்து வாங்குவேன். அதுல வளர்ற பையன், லூசா இருக்கட்டும்னு ஒரு வார்த்தை வரக் கூடாது." அப்பா பதில் சொல்லவில்லை. நானும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரஞ்சு நிற கேடிஎம் 50 வந்தது. கேத்காவளே பாலாஜி கோயிலுக்குக் குட்டி யானைமேல் ஏறிப் போயிற்று. பூஜை போடும்போது வண்டி நம்பர் கேட்டார்கள். இல்லை என்றதும் பையனின் நட்சத்திரத்துக்கே அர்ச்சனை நடந்தது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினோம். பழம் நசுங்கவில்லை. வண்டி அதன்மேல் ஏறி, மெத்தென்று இறங்கி, அந்தப் பக்கம் போய் நின்றது.

"பாத்தீங்களா சஸ்பென்ஷன?" என்றார் அப்பா.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு சுற்று விட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையை சொசைட்டி செக்ரட்டரி காகா முளையிலேயே கிள்ளினார். ரிடையரான கவர்மென்ட் உத்தியோகஸ்தர். சட்டம் சுலோகம் மாதிரி வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ரோட்டில் வண்டி ஓட்டிச் சட்டத்தை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "இது ரோடு இல்லையே, பேஸ்மென்ட்தானே காகா?" என்றதற்கு, "ஜெயிலும் பேஸ்மென்ட் மாதிரிதான் இருக்கும்" என்றார்.

ஆகவே முல்ஷி மைதானம். ரேஸ் வண்டியின் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதை ஓட்டுகிறவன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், விழும்போது கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. நம்மவர் அந்தக் கயிற்றைப் பையன் கையில் கட்டாமல் தன் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். கன்றுக்குட்டியோடு ஓடிய பழக்கம் உள்ள குடும்பம்தான், ஆனால் கன்றுக்குட்டி டூ ஸ்ட்ரோக் இல்லையே! இருபதடியில் பையன் போய்க்கொண்டே இருந்தான், அப்பா குப்புற விழுந்தார், கயிறு பிடுங்கிக்கொண்டது, இன்ஜின் நின்றது. பையன் இரண்டு காலையும் ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தான். கால் எட்டுகிற வண்டி வாங்கச் சொன்னதன் அருமை அன்றைக்கு எனக்கே புரிந்தது.

பையன் மோசமில்லை. பேலன்ஸ் நன்றாக இருக்கிறது என்று கோச்சே சொன்னார். அப்பா அன்று ராத்திரியே ரேஸ் விடத் தேவையான எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ் பற்றி விசாரித்துவிட்டு, "ஹெட் ஆபீஸ் நம்ம சென்னையிலதானுங்க!" என்று ஏதோ சம்பந்தி வீடு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். ஆனால் பையன் நாலு சுற்று ஓட்டுவான், ஐந்தாவது சுற்றில் மேட்டோரம் நிறுத்திவிடுவான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டிராக்கைச் சரிசெய்யும் ஜேசிபி மண்ணை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பான். பாலேவாடியில் கேட்ட கேள்விக்கு அவனுக்குப் பதில் கிடைத்துக்கொண்டிருந்தது.

2025 டிசம்பரில் ஹீரோ விடா பிள்ளைகளுக்கென்று ஓர் எலக்ட்ரிக் டர்ட் பைக்கை 69,990 ரூபாய்க்கு இறக்கியது. நாலு வயதிலிருந்து பத்து வரை, சீட்டையும் ஹேண்டில்பாரையும் பிள்ளையோடு சேர்த்து உயர்த்திக்கொள்ளலாமாம். "சத்தமே வராதுங்க, அதெல்லாம் ஒரு வண்டியா?" என்றார் அப்பா. "அதுதானுங்க வேணும்" என்று வீட்டம்மா வாங்கிவிட்டார். ரேஸ் விடுவானா என்பதை அவனுடைய பத்தாவது வயதில் அவனையே கேட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்.

ஆரஞ்சு வண்டி எங்கள் பார்க்கிங்கில் போர்வை போர்த்தி நிற்கிறது. மீட்டரில் மூன்று மணி இருபது நிமிஷம். அதில் நாற்பது நிமிஷம் யார் ஓட்டியது, பின் ஸ்பிரிங் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை வாங்குகிறவரிடம் மட்டும் சொல்வார். வேண்டுகிறவர்கள் பிள்ளையின் உயரத்தைச் சொன்னால் போதும், வயது வேண்டாம். அப்பாவுக்கு நாற்பது தாண்டியிருந்தால் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவும்.