ஊசி எடங்குடுத்தாலும் கண்ணு எடங்குடுக்கலியே!

வா கண்ணு, குந்து. அந்த நாற்காலி வேணாம், அதுல உங்க ஆயாவோட மாத்திரை டப்பா கீது. இப்படிப் பாய் மேல குந்து. பாத்து, ஊசி கிடக்கும்.

இன்னா அப்படிப் பாக்கறே? கெழவன் கந்தல் தைக்கிறானேன்னா? பஜார்ல மிசின் போட்டுக்கினு குந்திக்கீறவன்லாம் பொம்பளையா? அவன் காசுக்குத் தைச்சா டெய்லர். நான் வூட்ல குந்தித் தைச்சா, ‘பாவம், தாத்தாவுக்கு மனசு சரியில்ல.’ நல்லா கீதுடா உங்க நாயம்.

போன வாரம் பேரன் வந்துக்கினு போனான், பெங்களூர்லேர்ந்து. நம்ம பள்ளிகொண்டா டோல்கேட்டுல காசு அழுதுட்டு, வாசல்ல காரை நிறுத்தினதும் ஆரம்பிச்சான். “தாத்தா, நீ பண்ற வேலைக்கு ஒரு பேரு கீது.” ஆமாண்டா, கந்தல் தைக்கிறதுன்னு பேருன்னேன். இல்லியாம். தெரபியாம். நான் ஆயாவைப் பாத்துக்கிறேன் இல்ல, அதுக்கும் ஒரு பேராம். கேர்கிவராம். கேர்கிவருக்கு பர்ன் அவுட் வருமாம். நாப்பத்தாறு வருசமா எனக்கு இந்த வூட்ல புருசன்னு ஒரே உத்தியோகம். இப்பத்தான் ப்ரமோஷன் குடுத்துக்கீறாங்க. சம்பளம் ஒண்டி ஏறல.

வரும்போது ஒரு அட்டைப் பொட்டி வேற. “உனக்குத்தான் தாத்தா, பேட்ச்வொர்க் கிட்.” தொறந்து பாக்கறேன், புதுத் துணியை ரெண்டரை அங்குல அகலத்துக்கு நாடா நாடாவா வெட்டி, ஜிலேபி மாதிரி சுருட்டி வெச்சிக்கீறான். ஜெல்லி ரோல்னு பேராம். தின்றதான்னு கேட்டேன். கூடவே துணி வெட்ட ஒரு குட்டிச் சக்கரம், அதுக்குக் கீழ போட ஒரு பாய், கோடு போட ஒரு கண்ணாடிப் பலகை. ரெண்டாயிரத்து சொச்சமாம்.

நீயே சொல்லு கண்ணு. ஒட்டுத்துணின்னா இன்னா? கிழிஞ்சு மிஞ்சினது. புதுசை வாங்கி, நீயே கிழிச்சு, அப்பால ஒட்டுப் போடுவியா? நல்ல காலை ஒடிச்சுக்கினு கட்டுப் போட்டாப்பல இல்ல? இதுல வெளுத்துப்போன மாதிரி சாயம் போட்ட புதுத் துணி வேற கீதாம். எங்கிட்ட மெய்யாலுமே வெளுத்தது ஒரு பீரோ நெறைய கீதுடா, பாதி வெலைக்குக் குடுக்கட்டுமான்னேன். பேரன் சிரிக்கல.

உங்க ஆயா சிரிச்சா. ஒரு பக்க வாய் ஒண்டிதான் சிரிக்கும் இப்ப. அது போதும்.

உனக்குத் தெரியாது, இந்த வூட்ல தையக்காரி அவதான். நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனில கட்டர். தோலை மேசை மேல விரிச்சு, உண்ணி கடிச்ச வடு எங்க, முள்ளு கிழிச்ச கோடு எங்கன்னு பாத்து, அதை ஒதுக்கி வெட்டு அச்சை வெக்கணும். வெட்டறதோட என் வேலை முடிஞ்சுது. அவ வாசப்படில குந்திக்கினு ஷூவோட மேல்பாகத்தை, அப்பர்னு பேரு, கையால தைப்பா. ஏஜெண்டு மூட்டையைப் போட்டுட்டுப் போவான், சாயங்காலம் வந்து எண்ணி எடுத்துக்கினு போவான். அந்தத் தைய மிசின்ல வராது, கைதான் வேணும். ஜோடிக்கு எவ்ளோன்றே? பத்து ரூபா தேறாது. ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட்னு ஒரு வெளிநாட்டு அமைப்பு 2016-ல இந்த ஆம்பூர் பொம்பளைங்களைப் பத்தி அறிக்கையே போட்டுச்சு, அதுலயும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். அந்த ஷூவை லண்டன்ல எவ்ளோவுக்கு விப்பான்னு நீ போன்ல தேடிக்கோ. உங்க ஆயா விரல்ல கீற காப்பு அந்த ஷூவோட கையெழுத்து.

அந்தக் கைதான் போச்சு. ஒரு நாள் காத்தால காபித் தண்ணி ஆத்திக்கினு இருந்தவ, டம்ளரை உட்டுட்டா. வாய் கோணிச்சு. பேச்சு கொழகொழன்னு வந்துச்சு. நான் இன்னா பண்ணேன்? புத்திசாலி ஆச்சே! வாய்வுன்னு சொன்னவன் பேச்சைக் கேட்டு எண்ணெய் தேய்ச்சேன். ரவ படுத்தா சரியாயிடும்னு படுக்க வெச்சேன். வேலூர் போய்ச் சேரும்போது பொழுது சாஞ்சிடுச்சு. மூளைல ரத்தம் கட்டிக்கினதுன்னா அதைக் கரைக்க ஒரு ஊசி கீதாம், நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம். எண்ணெய் பாட்டிலைத் தேடினதுலயே எனக்கு ரெண்டு மணி நேரம் போச்சு. இதைச் சிரிக்கறதுக்குச் சொல்லல கண்ணு. வாய் கோணினா, கை தொங்கினா, பேச்சு குழறினா, எவன் இன்னா சொன்னாலும் கேக்காதே, 108-க்கு அடி. தலைக்கு ஸ்கேன் எடுக்கற எடத்துக்கே போ.

மூளைல இடப்பக்கம் அடிபட்டா வலக்கை போவும், பேச்சும் போவும்னு டாக்டர் படம் வரைஞ்சு காட்டினார். நாப்பத்தாறு வருசமா நான் கேக்காத பேச்சு. இப்பக் கேக்கலாம்னா வரல.

தைக்க எங்க கத்துக்கினேன்றியா? வேலூர்லதான். 1900-ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்தக் கட்டிலைப் போட்டு ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இன்னிக்கு அதை நம்பி வங்காளமே ரயிலேறி காட்பாடில எறங்குது. பாபுராவ் தெருவுல போய்ப் பாரு, லாட்ஜுல, மெஸ்ஸுல, எல்லா போர்டும் வங்காள எழுத்து. நாங்க தங்கின லாட்ஜுல எதுத்த ரூம்பு அம்மா ஒருத்தி, புருசனுக்கு வைத்தியம் பாக்க வந்தவ. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. டாக்டர், ரிப்போர்ட், நாளைக்கு. இந்த மூணு வார்த்தைலயே ஒரு மாசம் பேசினோம்.

அவ மடியில எப்பவும் பழைய பொடவை. மூணு நாலு பொடவையை அடுக்கி, மேலயும் கீழயும் ஊசியை முக்கி முக்கி ஒரே ஓட்டுத் தையல். காந்தான்னு பேரு. நூலுக்குக் கடைக்குப் போறவ இல்ல. அதே பொடவையோட கரையிலேர்ந்து ஒவ்வொரு இழையா உருவி எடுத்துக்குவா. நான் வெறிச்சுப் பாக்கறதைப் பாத்துட்டு, ஒரு நாள் ஊசியை எங்கையில குடுத்துட்டு ரிப்போர்ட் வாங்கப் போயிட்டா. திரும்பி வந்து நான் தைச்சதைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. குந்தி மொத்தத்தையும் பிரிச்சா.

இப்ப வேலைக்கு வருவோம். நோவு வூட்ல இன்னா வேலைடா செய்ய முடியும்? டிவி பாக்கலாம்னா அவளுக்குச் சத்தம் ஆவாது. புஸ்தகம் படிச்சா எங்க உட்டோம்னு தெரியாது. எச்சி வடியும், தொடைக்கணும். கண்ணாலயே தண்ணி கேப்பா, நிமித்தி ஒக்கார வெச்சு ஸ்பூன்ல குடுக்கணும், படுக்க வெச்சுக் குடுத்தா பொறையேறிடும். எந்த நிமிசமும் போட்டது போட்டபடி எழுந்திருக்கணும். ஒட்டுத்துணி ஒண்டிதான் கோவிச்சுக்காது. பாதி ஊசியில உட்டுட்டுப் போ, திரும்பி வந்தா அதே எடத்துல கீது. பால் மாதிரி பொங்கறதில்ல, போன் மாதிரி கூவறதில்ல.

அது எனக்குக் கடியாரம் வேற. படுத்த ஆளை ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போடணும், இல்லன்னா இடுப்புல, குதிகால்ல புண்ணு வந்துடும். என் கை வேகத்துக்கு ஒரு முழ நூல் இருவது நிமிசம் வருது. ஆறு நூல் தீந்தா திருப்பணும். பேரன் இதுக்கும் ஒரு ஆப் போட்டுத் தரேன்றான். ஊசியைக் கோக்க ஆப் கீதாடான்னேன். ஊசி எடங்குடுத்தா நூல் நுழையும்னு எவனோ கண்ணு நல்லாத் தெரிஞ்சவன் சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு ஊசி எடங்குடுக்குது, கண்ணுதான் எடங்குடுக்க மாட்டேங்குது. காத்தால ஸ்கூலுக்குப் போற பக்கத்து வூட்டுப் பொண்ணு பன்னெண்டு ஊசியைக் கோத்து தலகாணில குத்தி வெச்சுட்டுப் போவா. ஆறு பகலுக்கு, ஆறு சாயங்காலத்துக்கு.

நம்ம ஊரு உத்திர ரங்கநாதரைப் பாத்திருப்ப. பாலாத்தங்கரைல எத்தனை நூறு வருசமா ஒரே பக்கமா படுத்துக்கினு கீறார்! புண்ணு உண்டா, புரட்டிப் போட ஆள் வேணுமா? உங்க ஆயாவைத் திருப்பும்போதெல்லாம் சாமிகிட்ட எனக்கு ரவ பொறாமை.

தைக்கிறதுல நான் பண்ண கோளாறு ஒண்ணு ரெண்டா? குடியாத்தம் லுங்கித் துண்டு, நல்ல செவப்பு, அலசாம கொள்ளாம அவசரத்துல தைச்சுட்டேன். மொத சலவைல என் வெள்ளை வேட்டித் துண்டெல்லாம் வெத்தல போட்ட வாயாட்டம் ஆயிடுச்சு. தப்பு என்னுது. முக்கிக் கசக்கிப் பாத்துட்டு இல்ல ஊசி எடுக்கணும்? பேரன் சமாதானம் சொன்னான். அந்தக் காலத்துல அமெரிக்காவுல ‘ப்ளீடிங் மெட்ராஸ்’னு நம்ம கட்டம் போட்ட துணியை வித்தானாம், கட்டாயம் சாயம் போவும்னு விளம்பரமே பண்ணி. அப்ப நானும் ஒரு விளம்பரம் குடுத்திருக்கலாம், தெரியாம சோப்பு வாங்கித் தொவைச்சுட்டேன்.

அப்பால இன்னொண்ணு. முதல்ல தைச்சதை ஆசையா அவளுக்குக் கீழ விரிச்சேன். 2021-லேர்ந்து கவர்மெண்டு நடத்துற மக்களைத் தேடி மருத்துவத்துல நர்ஸம்மா வூட்டுக்கே வரும். வந்து பாத்துச்சு, உட்டுச்சு பாரு ஒரு ஏச்சு! “தாத்தா, இத்தனை முடிச்சு, இத்தனை மடிப்பு மேல படுக்க வெச்சா தோல் இன்னாத்துக்கு ஆவும்?” கட்டர்னு பேரு, தோலைப் பத்தி எனக்கே பாடம். ஆனா அது சொன்னது நெஜம். அன்னிலேர்ந்து கீழ மழமழன்னு ஒரே பழைய வேட்டி, ஒட்டு போட்டதெல்லாம் மேல போத்திக்கத்தான். முடிச்சை அடுக்குக்கு உள்ள தள்ளிடுவேன். பருத்தி ஒண்டிதான் சேத்துக்கறது. கல்யாணத்துக்கு வெச்சுக் குடுத்த பாலியஸ்டர் பொடவை பளபளன்னு கீது, சொட்டு வேர்வை உறியாது. சொந்தக்காரங்களே அப்படித்தான்.

வரவங்களைப் பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சுடும். ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிள். விழுங்கவே கஷ்டப்படறவளுக்கு ஆப்பிள்! கூடவே ஆளுக்கொரு வைத்தியம். புறா ரத்தம்ன்றான் ஒருத்தன், பத்து நாள்ல நடப்பான்னு வாட்ஸாப்புல வந்ததைக் காட்டறான் இன்னொருத்தன். அவன் இருக்கற அரை மணில அவ தலகாணி நழுவுது, அதைத் தூக்கி வெக்கத் தோணல. “உடம்பைப் பாத்துக்கோங்க தாத்தா, செல்ஃப் கேர் முக்கியம்”னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கினு போறான். செல்ஃப் கேருன்னா இன்னாடா? நான் ரெண்டு மணி நேரம் கண்ணை மூடறது. அந்த ரெண்டு மணி நேரம் இவளை யாரு பாக்கறது? அதுக்கு இங்கிலீசுல பேரு வெக்கல போல.

பேரன் ஒண்ணு காட்டினான், அதை ஒண்டி ஒத்துக்கறேன். அமெரிக்காவுல அலபாமால ஜீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். கருப்பருங்க, பருத்திக் காட்டுல கஷ்டப்பட்ட ஜனம். மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா, 1942-ல புருசன் செத்தப்பறம், அவர் காட்டுக்குப் போட்டுக்கினு போன துணியையே கிழிச்சு போர்வை தைச்சுக்கினாளாம். முட்டி தேஞ்ச கால்சட்டை, வெளுத்த சட்டை, எல்லாத்தையும். 2002-ல அதைக் கொண்டுபோய் நியூயார்க்குல விட்னி மியூசியத்துல சுவத்துல மாட்டினாங்களாம். போன்ல பெருசாக்கிக் காட்டினான். தைய நேரா இல்ல, அம்மாவுக்கு அதைப் பத்திக் கவலையும் இல்ல. ரொம்ப நேரம் பாத்தேன். அந்த அம்மா புருசன் போனப்பறம் தைச்சா. நான் ரவ முந்திக்கினேன், அவ்ளோதான் வித்தியாசம்.

இதோ பாரு, இது அவ நெலம் பாக்கப் போனப்ப கட்டின சுங்குடி. இது பெரியவ பொறந்தப்ப தூளி கட்டினது, பால் கறை இன்னும் போவல. இது அப்பர் தைக்கும்போது மடியில போட்டுக்குவா, மெழுகு நாத்தம் மோந்து பாரு. ஒவ்வொண்ணா அவ கண்ணு முன்னாடி பிடிச்சுக் காட்டுவேன். வேணும்னா கண்ணை மூடித் தொறப்பா. வேணாம்னா மூஞ்சியைத் திருப்பிக்குவா. அவ அண்ணன் வாங்கிக் குடுத்த பச்சைப் பொடவையை வெட்டலாமான்னு கேட்டேன், ரெண்டு நாள் என்னைப் பாக்கவே இல்ல. அதை மடிச்சுத் திரும்ப வெச்சுட்டேன்.

முந்தாநாள் நான் அடுப்பண்ட கஞ்சி கிளறிக்கினு இருந்தேன். வந்து பாக்கறேன், போர்வை மூலைல நான் தைச்ச ரெண்டு வரிசையைக் காணோம். இடக்கையால, நகத்தால நெம்பி, மெதுவாப் பிரிச்சுப் போட்டுக்கீறா. “இன்னாமே, கோணலா?”ன்னேன். கண்ணை மூடித் தொறந்தா. வேலூர் லாட்ஜுல பிரிச்சாங்க, இங்கயும் பிரிக்கிறாங்க. நான் தைக்கிறேன், அவ பிரிக்கிறா. இந்தப் போர்வை இந்த ஜென்மத்துல முடியாது. முடியாட்டி எனக்கு இன்னா நஷ்டம்?

சரி, நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும். அடுத்த வாட்டி ஆப்பிளும் வேணாம், ஹார்லிக்ஸும் வேணாம். உங்கம்மாவோட பழைய பருத்திப் பொடவை ஒண்ணு எடுத்துக்கினு வா, சாயம் போவுதான்னு கசக்கிப் பாத்துட்டு. சனிக்கிழமை தங்கற மாதிரி வா கண்ணு. ராத்திரி ரெண்டு மணி முறை உன்னுது.