கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பும் விதை
(கேள்வி – பதில்)

கேள்வி (கோவில்பட்டி): எங்கள் தெரு வேப்பமரத்தில் ஒரு செடி தொற்றி நிற்கிறது. தடித்து மடிந்த இலை, அந்தரத்தில் தொங்கும் வேர். “இது புல்லுருவி, மரத்தைக் குடித்துவிடும், வெட்டு” என்கிறார் பக்கத்துவீட்டு அண்ணாச்சி. வெட்டலாமா?

பதில்: அண்ணாச்சியிடமிருந்து முதலில் அரிவாளை வாங்கி உள்ளே வையுங்கள். புல்லுருவியின் வேர் பட்டைக்குள் இறங்கி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இப்படி அந்தரத்தில் ஆடாது. நீங்கள் சொல்லும் அடையாளம் வாண்டா டெசெலேட்டா என்ற ஆர்க்கிட்டுக்குப் பொருந்துகிறது. நம் சமவெளியின் பழைய மரங்களில் வாழ்வது. மரத்திடம் அது கேட்பது இடம் மட்டும்தான்; மழை, பனி, காற்றில் வரும் தூசி ஆகியவற்றிலிருந்தே சாப்பாடு.

ஒரு கை தண்ணீரை அந்தச் சாம்பல்நிற வேரின் மேல் ஊற்றிப் பாருங்கள். கண்ணெதிரே பச்சையாகும். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை நீரைக் குடித்ததும், அடியில் உள்ள பச்சையம் தெரிகிறது. நம் கோடையைத் தாங்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: கற்றாழை, கள்ளியைப் போல இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்துக்கொள்கிறது. பூக்கும்வரை பொறுத்திருங்கள். மஞ்சள்பச்சையில் பழுப்புக் கட்டம் போட்ட இதழ், ஊதா நாக்கு, நல்ல மணம். அண்ணாச்சியே தண்ணீர் ஊற்ற வந்துவிடுவார்.

கேள்வி (கயத்தாறு): அதே செடியின் காயைப் பறித்து, கடையில் வாங்கிய தேங்காய்நார்க் கழிவில் விதைத்தேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பொக்கா?

பதில்: பொக்கு இல்லை. உளுந்து, சோளம், பருத்தி எல்லாவற்றுக்கும், இலை விட்டுச் சொந்தக்காலில் நிற்கும்வரை தாங்குகிற கட்டுச்சோற்றைத் தாய்ச்செடி விதைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. ஆர்க்கிட் வெறுங்கையோடு அனுப்புகிறது, ஆனால் கணக்கில்லாமல் அனுப்புகிறது. ஒரே காயில் ஆயிரக்கணக்கான விதைகள். சில இனங்களில் பத்து லட்சத்தையும் தாண்டும். முற்றிய காயைப் பிளந்து கறுப்புத் துணியில் தட்டினால் வெளிர்நிறத் தூள்தான் விழும், மூச்சுக்காற்றுக்கே பறந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் வலைபோன்ற ஒரு மெல்லிய உறை. நடுவில் நூறு செல் அளவுக்கு ஒரு கரு. முளைசூழ்தசை கிடையாது. பெரும்பாலான இனங்களில் விதையிலையும் கிடையாது, முளைவேரும் கிடையாது.

இப்படிப்பட்ட விதை முளைக்க வேண்டுமானால், அது விழுந்த இடத்தில் ஏற்ற பூஞ்சை ஏற்கெனவே குடியிருக்க வேண்டும். ஈரத்தில் கரு லேசாக உப்பும்போது பூஞ்சையின் இழை உள்ளே நுழைகிறது. நுழைந்த இழை செல்லுக்குள் சுருண்டு சுருண்டு ஒரு கண்டாகிறது. அதன் வழியாகச் சர்க்கரையும் சத்தும் கருவுக்கு வருகின்றன. பிறகு அந்தக் கண்டையே செல் செரித்துவிடுகிறது. மறுபடி இழை நுழைகிறது, மறுபடி செரிக்கிறது. இப்படித் தின்று தின்று கரு ஒரு சிறு உருண்டையாகப் பருக்கிறது. புரோட்டோகார்ம் என்பது அதன் பெயர். இலையும் வேரும் அதற்குப் பிறகுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899-இல் ராணுவச் சேவையில் இருந்தவர், ஃபோன்டேன்புளோ காட்டில் பறவைக்கூடு ஆர்க்கிட்டின் காய் ஒன்று இலைச்சருகுக்கடியில் புதைந்து, அதற்குள்ளேயே நாற்றுகள் முளைத்திருப்பதைப் பார்த்தார். எடுத்து ஆராய்ந்த நாற்றுகளிலெல்லாம் பூஞ்சை. அதற்கு முன்பே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் அடியிலேயே விதையைத் தூவி ஓரளவு முளைக்கவைத்திருந்தார்கள். ஏன் அங்கே மட்டும் முளைக்கிறது என்ற புதிரும் பெர்னாரால் அவிழ்ந்தது. 36 வயதில் இறந்துபோனார். இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பாரோ என்று ஏக்கமாக இருக்கிறது.

கேள்வி (எட்டயபுரம்): பூஞ்சையை ஒழிக்கத்தானே விதைநேர்த்தி செய்கிறோம்? நீங்கள் அதற்கு விருந்து வைக்கச் சொல்கிறீர்களே!

பதில்: வேரழுகலில் வயலை இழந்தவருக்கு இந்தக் கோபம் நியாயம். அதிலும் வியப்பு, ஆர்க்கிட்டின் துணைவர்கள் பலரும் ரைசோக்டோனியா என்று பொதுவாக அழைக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. நெல்லில் இலையுறைக் கருகலைக் கொண்டுவரும் ரைசோக்டோனியா சொலானியும் அதே கூட்டம்தான். ஆர்க்கிட்டுக்கும் இது ஆபத்தில்லாத உறவு அல்ல; கட்டுப்பாடு தவறினால் பூஞ்சை கருவையே தின்றுவிடும். நீங்கள் விதைநேர்த்தியை விடவேண்டாம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கிறீர்களே, அதுவும் பூஞ்சைதான். ஒன்றை வைத்து ஒன்றை அடக்கும் வித்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கேள்வி (கழுகுமலை): சோறு போடும் பூஞ்சைக்கு என்ன கூலி?

பதில்: முளைக்கும் காலத்தில் கூலி ஏதும் கண்ணில் படவில்லை. செடி வளர்ந்து பச்சை இலை விட்டபின் கணக்கு மாறலாம். குட்யேரா ரெபன்ஸ் என்ற தரை ஆர்க்கிட், தான் தயாரித்த கார்பனைப் பூஞ்சைக்குத் திருப்பித் தருவதை 2006-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பறவைக்கூடு ஆர்க்கிட்டோ பச்சையமே இல்லாமல் ஆயுசு முழுக்கப் பூஞ்சையிடமே சாப்பிடுகிறது.

கேள்வி (விளாத்திகுளம்): உளுந்துக்கு வாங்கிய ‘வேம்’ மிச்சம் இருக்கிறது. ஆர்க்கிட் விதைக்குப் போடலாமா?

பதில்: போட்டால் வேம்தான் வீண். அதுவும் வேரில் வாழும் பூஞ்சைதான், ஆனால் வேறு குலம். கரிசலில் சுண்ணாம்புச்சத்து கட்டிவைத்திருக்கும் மணிச்சத்தைத் தேடி எடுத்து உளுந்துக்கும் சோளத்துக்கும் பருத்திக்கும் கொடுப்பது வேம். பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். அதற்கு உயிருள்ள வேர் வேண்டும். ஆர்க்கிட் விதைக்கு வேரே கிடையாதே! மிச்சத்தை மானாவாரிக்கே போடுங்கள். அளவுக்குக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள். கரிசல் மானாவாரியை நூறு வருஷமாகப் படிக்கிற இடம்.

கேள்வி (சாத்தூர்): நான் ஆர்க்கிட்டைப் பார்த்ததே இல்லை.

பதில்: சாப்பிட்டிருக்கலாம். வெனிலா ஒரு ஆர்க்கிட். அசல் வெனிலா போட்ட ஐஸ்கிரீமில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அதன் விதைகள்.

கேள்வி (சிவகாசி): கல்யாண மேடையெல்லாம் ஆர்க்கிட் பூ. இத்தனைக்கும் பூஞ்சை எங்கிருந்து வந்தது?

பதில்: வரவில்லை. 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், கிருமி நீக்கிய குடுவையில் அகர் கூழோடு சர்க்கரையும் உப்புச்சத்துகளும் சேர்த்து, பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்கவைத்தார். இன்றைய ஆர்க்கிட் வியாபாரமே அந்தக் குடுவையிலிருந்து எழுந்ததுதான். ஆனால் காட்டில் சர்க்கரை ஊற்ற ஆளில்லை.

கேள்வி (கடம்பூர்): சீமைக்கருவேலத்தால் ஒரு நன்மையாவது உண்டா?

பதில்: ஒரு சேதி உண்டு. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் சீமைக்கருவேலம், காட்டிலந்தை ஆகியவற்றின் வேரடி மண்ணிலிருந்து அஜித் வர்மாவின் குழு ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து, 1998-இல் உலகுக்கு அறிவித்தது. இன்றைய பெயர் செரண்டிபிடா இண்டிகா. பலவகைப் பயிர்களின் வேருக்குள் புகுந்து வளர்ச்சியைத் தூண்டுகிறது. ஆய்வகத்தில் ஆர்க்கிட்டோடும் கூட்டுச் சேர்ந்தது. ஆர்க்கிட்டின் துணைப் பூஞ்சைகளில் சில இதற்கு நெருங்கிய சொந்தம். ஆர்க்கிட்டும் பூஞ்சையும் மழைக்காட்டுச் சங்கதி, வறண்ட சீமைக்கு ஏது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சீமைக்கருவேலத்தை வளர்க்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வெட்டி மூட்டம் போட்ட கரி இருந்தால், தொட்டியில் ஆர்க்கிட் வளர்க்க அது அருமையான ஊடகம். கரிசல் மண் மட்டும் வேண்டாம். மழையில் இறுகி, வேரை மூச்சுத்திணற வைத்துவிடும்.

கேள்வி (கோவில்பட்டி): சாலையை அகலப்படுத்தப் பழைய புளியமரங்களை வெட்டுகிறார்கள். அதிலிருக்கும் ஆர்க்கிட்டை வேறு மரத்தில் கட்டினால் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும், பூக்கவும் செய்யும். என் கவலை அதன் பிள்ளைகளைப் பற்றியது. அந்தப் பூஞ்சை குடியிருந்தது வெட்டுப்பட்ட புளியின் பட்டையில். வழவழப்பான பட்டையுள்ள இளம்கன்றில் கொண்டுபோய்க் கட்டினால் செடி தனியாளாக வாழ்ந்து முடியும். லட்சம் விதை பறந்தும் ஒன்றுகூட முளைக்காமல் போகலாம். மரத்துக்குப் பதில் மரம் நட்டுவிட்டோம் என்று கணக்கு முடிப்பதை நான் ஏற்காததும் இதனால்தான்.

பூஞ்சை ஓரிடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. ராஸ்முசன், விகம் என்ற இருவர் 1993-இல் வெளியிட்டது: பழைய புகைப்பட ஸ்லைடின் சட்டத்துக்குள் நுண்வலையில் விதையைப் பொதிந்து மண்ணில் புதைத்து, சில மாதம் கழித்து எடுத்து, முளைத்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. தரை ஆர்க்கிட்டுக்காக வந்த இந்த முறையை மரப்பட்டையிலும் செய்து பார்க்கலாம். கல்லூரித் தாவரவியல் துறைகளுக்குக் கட்டுப்படியாகிற செலவுதான்.

அதுவரை இதைச் செய்யுங்கள். வெட்டுவதற்கு முன்பே வனத்துறையிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். செடியைப் பட்டையோடு சேர்த்துப் பெயருங்கள், வேரைப் பிய்க்காதீர்கள். அருகிலேயே சொரசொரப்பான பட்டையுள்ள முதிர்ந்த புளி, வேம்பு, மா எது நின்றாலும் சரி, ஐப்பசி மழைக்கு முன் அதில் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், வேரை அறுக்கும். சணல் போதும், அது இற்று விழுவதற்குள் புதுவேர் பிடித்துவிடும்.