லேசான பழக்கம்

(மாமா ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து, அந்தப் பதிப்பை மூடிவிட்டதால் ஐம்பத்து நான்கு வயதில் வேலை தேடுகிறவர். மருமகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியின் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர். மேற்கு மாம்பலம், ஞாயிற்றுக்கிழமை. மேசையில் லேப்டாப், பக்கத்தில் முறுக்குத் தட்டு.)

மருமகன்: மாமா, உங்க ரெஸ்யூமே ஏன் எங்கயும் நகரலன்னு கண்டுபிடிச்சுட்டேன். பாமினி ஃபான்ட்ல அடிச்சிருக்கீங்க.

மாமா: வருஷக்கணக்கா அதுலதான் அடிக்கிறேன். பேப்பர் தினமும் வந்துச்சே?

மருமகன்: பேப்பரை மனுஷன் படிச்சான். இதை முதல்ல படிக்கிறது சாஃப்ட்வேர். நீங்க 'தமிழ்'னு அடிச்சது அதுக்கு 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி'.

மாமா: என் பேரு?

மருமகன்: போலந்துக்காரர் மாதிரி இருக்கு.

மாமா: சரி, யூனிகோடுக்கு மாத்திடு. அப்புறமாவது மனுஷன் படிப்பானா?

மருமகன்: உடனே இல்ல. வேலை விளம்பரத்துல இருக்கிற வார்த்தையெல்லாம் உங்க ரெஸ்யூமேல இருக்கான்னு அது தேடும். 'ஸ்டேக்ஹோல்டர் என்கேஜ்மென்ட்' பண்ணியிருக்கீங்களா?

மாமா: ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கம் அனுப்பணும். விளம்பரப் பிரிவு கால் பக்கம் கேக்கும், நிருபர் இன்னும் நாலு வரி வேணும்பான், அச்சுக்கூடத்துலருந்து திட்டு வரும். அதுவா?

மருமகன்: அதேதான், போட்டுக்கறேன். ரெண்டு பத்தியாப் பிரிச்சுக் கட்டம் கட்டியிருக்கீங்களே, அதை எடுத்துடலாம். ரெண்டு பத்தியையும் குறுக்கால சேர்த்துப் படிச்சிடுது.

மாமா: லே-அவுட் தெரியும்னு காட்டத்தாண்டா அப்படிப் போட்டேன்.

மருமகன்: இப்ப அது 'பொழுதுபோக்கு: தலைமை உதவி ஆசிரியர்'னு படிக்குது. அடுத்தது சாதனை. எதையும் எண்ணுல சொல்லணும். 'வாசகர் ஈடுபாட்டை 40 சதவீதம் உயர்த்தினேன்.'

மாமா: யார் அளந்தா?

மருமகன்: யாரும் கேக்க மாட்டாங்க மாமா.

மாமா: உங்க ஆளுங்க அளக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். பிரஸ் மீட்டுக்கு மறுநாள் பி.ஆர். ஏஜென்ஸி பையன் எங்க ஆபீஸ்லயே உட்கார்ந்து, கட்டிங்கை ஸ்கேல் வச்சு அளப்பான். எத்தனை காலம் சென்டிமீட்டரோ அதை விளம்பர ரேட்டால பெருக்கி, 'இத்தனை லட்ச ரூபா விளம்பரம் ஓசியில வாங்கித் தந்தோம்'னு கிளையன்ட்டுக்குக் கணக்கு காட்டுவான். ஒரு தடவை அந்தக் கம்பெனி மேல கேஸ் போட்ட செய்தியையும் அளந்து சேர்த்துட்டான். நல்ல பெரிய செய்தி, மூணு காலம்.

மருமகன்: அந்தக் கணக்கே செல்லாதுன்னு 2010லயே எங்க தொழில்காரங்களே பார்சிலோனாவுல கூடி முடிவு பண்ணிட்டாங்களே.

மாமா: அப்ப இப்ப யாரும் அளக்கறதில்லையா?

மருமகன்: ஸ்கேல் வச்சு அளக்கறதில்ல. சரி, லிங்க்ட்இன். வாரம் மூணு பதிவு போடணும். ஒரு வரி, அப்புறம் இடைவெளி, திரும்ப ஒரு வரி.

மாமா: 'பதிப்பை மூடிட்டாங்க. வேலை வேணும். செய்தி திருத்துவேன், தலைப்பு போடுவேன், இங்கிலீஷ்லருந்து வேகமா தமிழ் பண்ணுவேன்.' போதுமா?

மருமகன்: ஐயோ, எல்லாம் புரிஞ்சுடுமே! 'ஓர் அத்தியாயம் நிறைவடைந்தது. நெஞ்சம் நிறைந்த நன்றியுடன்...'

மாமா: யாருக்கு நன்றி? ரெண்டு மாசச் சம்பளம் இன்னும் வரல.

மருமகன்: அது 'கற்றுக்கொண்ட பாடங்கள்'ல வரும்.

(மருமகன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷத்தில் தான் எழுதிய ஒன்றைக்கூட மாமா வெட்டி வைக்கவில்லை. சாம்பிள் கேட்டால் பரணைக் காட்டுகிறார். பரணில் இருப்பது தீபாவளி மலர்கள். அதில் இவர் எழுதியது எதுவும் கிடையாது.)

மருமகன்: இன்டர்வியூ பழகிப் பார்ப்போம். கம்பெனிக்கு ஒரு நெருக்கடி. ஊடகமெல்லாம் வாசல்ல நிக்குது. என்ன பண்ணுவீங்க?

மாமா: நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்.

மருமகன்: ஃபெயில்.

மாமா: டேய், உன் தொழிலே அப்படித்தாண்டா ஆரம்பிச்சுது. 1906ல அமெரிக்காவுல அட்லாண்டிக் சிட்டி பக்கத்துல ரயில் பாலத்துலருந்து தண்ணிக்குள்ள விழுந்து 50 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ரயில் கம்பெனிக்கு பி.ஆர். பார்த்த ஐவி லீ மூடி மறைக்காம, நடந்ததை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்தார். முதல் பிரஸ் ரிலீஸே அதுதான்னு சொல்றாங்க. அந்த ஆள் இன்னிக்கு உங்க கம்பெனிக்கு வந்தா?

மருமகன்: ரெண்டாவது ரவுண்டு தாண்ட மாட்டார். லீகல் டீம் விடாது.

மாமா: அதை விடு. உனக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சுது?

மருமகன்: அது... பழைய ரூம்மேட்டோட அண்ணி அங்க எச்.ஆர்.

மாமா: லிங்க்ட்இன்ல பிடிச்சியா?

மருமகன்: கல்யாணத்துல. பந்தியில பக்கத்து இலை. ஆனா அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு மாமா! மார்க் கிரானோவெட்டர்னு ஒருத்தர் 1973ல எழுதினார். பாஸ்டன் பக்கத்துல வேலை மாறினவங்களைக் கேட்டிருக்கார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அடிக்கடி பார்க்கிற ஆளால கிடைச்சது 16.7 சதவீதம்தான். மிச்சமெல்லாம் எப்பவாவது பார்க்கிற ஆளுங்க. கூடவே இருக்கிறவனுக்குத் தெரிஞ்ச சேதி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். புதுச் சேதி தூரத்து ஆள்கிட்டதான் இருக்கும். லிங்க்ட்இன்ல 2 கோடிப் பேரை வச்சு நடத்தின சோதனையும் 2022ல வெளிவந்துச்சு. அதுலயும் லேசான பழக்கம்தான் ஜெயிச்சுது.

மாமா: இதைத்தான் உங்க தாத்தா 'நாலு கல்யாணம் காட்சிக்குப் போய் வாடா'ன்னார். உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களா?

மருமகன்: எடுக்கறாங்க. தமிழ் கன்டென்ட் லீட். ஏ.ஐ. எழுதிக் கொடுக்கறதைத் திருத்தணும். போன அறிக்கையில 'சேர்மன் குத்துவிளக்கு ஏற்றியது'ன்னு வந்துடுச்சு.

மாமா: அட பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

மருமகன்: நீங்க ரெஸ்யூமேதானே பார்க்கச் சொன்னீங்க. ரெஃபரல்ல போட்டா எனக்கு ஐம்பதாயிரம் போனஸ். ஆனா சொந்தக்காரங்களைப் போட்டா கிடையாது. 'விண்ணப்பதாரரை எப்படித் தெரியும்'னு ஒரு கட்டம் இருக்கு.

மாமா: 'லேசான பழக்கம்'னு போடு. போனஸ்ல பாதி எனக்கு.

மருமகன்: முப்பது சதவீதம்.

மாமா: காது குத்தறப்ப உன்னை மடியில வச்சிருந்த தாய்மாமன்கிட்டயே பேரமா?

மருமகன்: பார்த்தீங்களா, எச்.ஆர். ஃபோன் பண்ணிக் கேட்டா இதைத்தான் சொல்லக் கூடாது.