புனிதர்களுக்குக் கோவணம்

சொர்க்கவாசிகளுக்கே மானம் காக்க ஆள் தேடிய கதை இது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ 1541இல் வரைந்து முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் ஆபாசமானதையெல்லாம் மூடிவிட வேண்டும் என்று 1564 ஜனவரியில் ரோமில் முடிவானது. அடுத்த மாதம் கிழவர் கண்ணை மூடினார், நல்லவேளை. வேலை அவருடைய நண்பர் டானியேலே டா வோல்டெர்ராவின் தலையில் விழுந்தது. ஊரார் அவருக்குக் ‘கால்சட்டைக்காரர்’ என்று பட்டம் கட்டினார்கள்.

புனித கேத்தரினுக்கு வெறும் சாயம் போதவில்லை. குனிந்திருந்த அவளுக்குப் பின்னால் புனித பிளேஸ் நின்ற நிலை பெரியவர்களின் கற்பனையைக் கெடுத்துவிட்டது. சுவரையே கொத்தி, புதிதாகச் சுண்ணம் பூசி, அவளுக்குப் பச்சை அங்கி மாட்டி, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிவைத்தார்கள். செத்தவர்கள் உயிர்த்தெழும் நாளில் தையற்காரனையும் கூடவே எழுப்பியிருக்க வேண்டும் போல!

இத்தனைக்கும் ஃப்ளோரன்ஸ்காரர்கள் நிர்வாணத்துக்கு ஏற்கெனவே தத்துவச் சட்டை ஒன்று தைத்துப்போட்டிருந்தார்கள். உடலழகு கடவுளின் ஒளிக்கீற்று, அதைப் பற்றிக்கொண்டு ஆன்மா மேலேறலாம் என்றார் ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் செல்லப் பண்டிதர் ஃபிசினோ. காசுள்ளவனுக்கு எவ்வளவு வசதி! முதல் படியிலேயே நின்று வெறித்துக்கொண்டு, மேலே போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். மைக்கேலாஞ்சலோ அதை மெய்யாகவே நம்பினார். அவருடைய கவிதைகளே சாட்சி.

1545இல் இந்த ஓவியத்துக்காக அவருக்கு ஒழுக்கம் போதித்துக் கடிதம் எழுதியவர் பியெத்ரோ அரெத்தீனோ. ஆம், படுக்கையறைச் சொனெட்டுகளுக்குப் பேர்போன அதே ஆள். சாத்தான் வேதம் ஓதியது.

ரோமின் திருச்சபைப் பெரியவர்களுக்கு எதற்கு வெட்கம் வந்தது, எதற்கு வரவில்லை என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 1553இல் ரோமின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் யூதர்களின் தால்முத் நூல்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். எந்தக் கர்தினாலுக்கும் முகம் சிவந்ததாகத் தெரியவில்லை. 1555இல் போப்பாண்டவர் நான்காம் பவுல் ரோமின் யூதர்களைக் ‘கெட்டோ’ என்ற தனிக் குடியிருப்பின் சுவருக்குள் அடைத்தார், இரவில் வாயிலைப் பூட்டவைத்தார், ஆண்கள் தலையில் மஞ்சள் தொப்பியை ஏற்றினார். உடுப்பு விஷயத்தில் என்ன அக்கறை!

அந்தப் புண்ணியவானுக்கும் ஓவியத்தைச் ‘சரிசெய்ய’ ஆசை இருந்தது. போப் முதலில் உலகத்தைச் சரிசெய்யட்டும், ஓவியம் சின்ன வேலை என்று கிழவர் பதில் சொல்லியனுப்பியதாக அவருடைய வாழ்க்கையை எழுதிய வசாரி குறித்துவைத்திருக்கிறார். கோவணம் கட்ட ஆள் சீக்கிரமே கிடைத்துவிட்டார். கெட்டோ அடியோடு ஒழிய 1870 ஆயிற்று.