சூரியன் கண்ணடிக்கிறான், பிள்ளை திருதிருவென விழிக்கிறான்

பாடம் ஒளிச்சேர்க்கை. ஸ்மார்ட் கிளாஸ் திரையில் சூரியன் கண்ணடிக்கிறான். இலை குத்தாட்டம் போடுகிறது. பின்னால் மேளதாளம். கீழே எட்டு வரிப் பத்தி. அதே எட்டு வரியை ஒரு குரல் எழுத்து விடாமல் ஒப்பிக்கிறது. மூலையில் குதிக்கும் குரங்கைத் தொட்டால் நட்சத்திரம் கிடைக்கும். கார்பன் டை ஆக்சைடு எந்த வழியாக இலைக்குள் போனது? பார்க்கப் பிள்ளைக்கு ஒரு கண்ணாவது மிச்சம் இருந்தால்தானே!

ஸ்மார்ட் கிளாஸ் விற்பவர்கள் கற்றலை எளிதாக்குகிறார்களாம். அதற்குத் தனிக் கட்டணம்.

மனித மூளை ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளும் புதுச் சங்கதி வெகு சொற்பம். ஏழு, இரண்டு முன்பின் என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956-ல். அதுவே அதிகம், சுமார் நாலுதான் தேறும் என்று 2001-ல் குறைத்தார் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன். அந்தச் சின்னத் திண்ணையில் சூரியனும் குரங்கும் மேளமும் நட்சத்திரமும் ஏறி உட்கார்ந்துகொண்டால் பாடம் தெருவில்தான் நிற்கும்.

ஆஸ்திரேலியாவின் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் இந்த மனச்சுமையைப் பற்றி 1988-லேயே எழுதிவிட்டார். அதே துறையில் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் சோதனை மேல் சோதனை நடத்திச் சொன்னார்: படம் ஓடும்போது குரல் போதும், அதையே எழுத்தாகவும் கொட்டாதே. (காது கேளாத பிள்ளைக்கும் மொழி புதிதான பிள்ளைக்கும் எழுத்து வேண்டும்தான், அவர்களை நினைத்தா இவர்கள் போட்டார்கள்?) படத்தில் உறுப்பின் பெயரை அதன் பக்கத்திலேயே எழுது. பாடத்தைத் துண்டுகளாக்கி, அடுத்த துண்டுக்குப் போகும் பொத்தானைப் பிள்ளை கையில் கொடு. பாடத்தோடு ஒட்டாத வேடிக்கையைத் தூக்கி எறி.

எறிந்துவிட்டால் எதைக் காட்டி விற்பது? டெமோ பார்ப்பவர் பிள்ளையல்ல, தாளாளர். குரங்கு குதிப்பது அவருக்காக. 'இன்டராக்டிவ்' என்று கூவுவதும் அவர் காதுக்குத்தான். 'தொடர்க' பொத்தானை அமுக்குவதே கல்வி என்றால் லிஃப்டில் ஏறி இறங்குகிறவன் எல்லாம் பட்டதாரி.

கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் தீர்ப்பு யார் தலையில்? "பையனுக்குக் கவனம் பத்தலைங்க." காசும் வாங்கி, கவனத்தையும் களவாடியவனுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம், பறிகொடுத்தவனுக்கு மக்குப் பட்டம்.

இலையை வரைந்தபடியே பேசி, பேசியபடியே அம்புக்குறி போடும் கரும்பலகை வாத்தியார் மேயர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். மேயர் சொன்னதில் பாதியைச் சாக்பீஸிலேயே முடித்துவிடுகிறார். ஆனால் அவருக்கு டெமோ காட்டத் தெரியாதே!

பெற்றோரே, அடுத்த கட்டண ரசீதை வாங்குமுன் அந்தப் பாடத்தை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். குரங்கை இறக்கிவிடச் சொல்லுங்கள். அப்புறமும் பாடம் என்று ஏதாவது மிஞ்சினால், அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள்.